முறுக்குக் கூடையும் துப்பாக்கிக் கம்பெனியும்

அன்று சனிக்கிழமை. மகள் வர்ஷாவை டியூஷனில் இறக்கிவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்க முறுக்கு வாசனை. தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை, இங்கிருந்து யாரும் போகவும் இல்லை. தீபாவளிக்கே கடை முறுக்கில் காலம் தள்ளுகிற வீடு எங்களுடையது.

சமையலறையில் என் மனைவி கோமதி வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் ஒரு பிரம்புக் கூடை. அடியில் புதுத் துண்டு விரித்து, ஒரு டப்பா முறுக்கு, ஒரு டப்பா தேங்காய் பர்பி, எங்கள் தோட்டத்து எலுமிச்சம்பழம் ஆறு என்று அடுக்கியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பூப்போட்ட நன்றி அட்டை ஒன்று.

"என்ன விசேஷம்?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க ஆபீஸ் மிஷெல் குடுத்த கூடைதான். வெறுங்கூடையாவா திருப்பிக் குடுக்கறது?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவோம். எங்கள் தெருவில் இருக்கும் சீனத்துப் பெண்மணிக்கு இதனாலேயே எங்கள்மேல் பயம். அவர் ஒரு தட்டில் டம்ப்ளிங் கொடுத்தால் நாங்கள் கேசரியோடு தட்டைத் திருப்புவோம், கேசரித் தட்டை அவர் ஆரஞ்சோடு திருப்புவார். ஒரு வருஷமாக அந்தத் தட்டு ஓய்ந்தபாடில்லை.

ஆகவே நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொன்னேன்.

உப்பைப் பற்றிப் பேசாமல் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு குடும்பங்களின் கதை வேறு மாதிரி போயிருக்கும். அல்லது இப்படியேதான் போயிருக்குமோ என்னவோ. இதை எழுதும்போதும் எனக்கு அது தெளிவாக இல்லை.

என்ன கம்பெனி?

சென்ற அத்தியாயத்தில், மெல்பர்னில் நான் வேலை பார்த்த இடத்தை "ஓர் எஞ்சினியரிங் கம்பெனி" என்று எழுதிவிட்டு நழுவியிருந்தேன். இரண்டு வாசகர்கள் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். "எஞ்சினியரிங் என்றால்? பம்பா, பல்சக்கரமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி.

போர்த் துப்பாக்கி இல்லை. விவசாயிகள் நரியையும் காட்டுப்பன்றியையும் சுடுகிற ரைஃபிள், குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களின் ரைஃபிள். இந்த விளக்கத்தை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் சொல்ல வாய்ப்பு வந்ததில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்பு கம்பெனியில் ஷாஃப்ட்டின் குறுக்களவை அளக்கிற வேலையில்தான் ஆரம்பித்தேன். மைக்ரோமீட்டருக்குத் தான் அளப்பது பம்பா துப்பாக்கியா என்று தெரியாது என்பது என் வாதம். வாதம் என்றால் எதிரில் ஆள் வேண்டும். எனக்கு நானேதான் எதிரில் நின்றேன்.

ரைஃபிளில் போல்ட் என்று ஒரு பாகம் உண்டு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கம் அடைத்துப் பிடித்துக்கொள்வது அதுதான். அது சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. கேஜ் என்று சொல்கிற அளவுக்கட்டை இரண்டு இருக்கும். ஒன்றை வைத்தால் பூட்ட வேண்டும், இன்னொன்றை வைத்தால் பூட்டக் கூடாது. நாள் முழுக்க இதுதான். பதினோரு வருஷம் இதைச் செய்த நான் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை.

தமிழ்ச் சங்கத்தில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் "பிரிசிஷன் பார்ட்ஸ்" என்பேன். ஏதோ மருத்துவக் கருவி என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். மெல்பர்னின் மேற்கே டார்னெய்ட்டில் நடந்த ஒரு பொங்கல் விழாவில், நான் இதய அறுவை சிகிச்சைக்குக் கருவி செய்கிறவன் என்று அறிவித்துப் பொன்னாடையே போர்த்திவிட்டார்கள். மறுத்துப் பேச மைக் என் கைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பேசியிருப்பேனா என்பது வேறு விஷயம். அந்தப் பொன்னாடையைக் கோமதி இஸ்திரி மேஜைக்கு விரித்திருக்கிறாள்.

ஆளுக்கொரு காரணம்

ஒருநாள் காலை, தேநீர் அறையில் எங்கள் முதலாளி நீல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின்மேல் ஏறி நின்றார். அப்பா காலத்துக் கம்பெனியை வைத்து நடத்துகிற, அதிகம் பேசாத மனிதர். "நம்மை வேண்டாம் என்று நினைக்கிற இடத்திலிருந்து, வாருங்கள் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகிறோம்" என்றார். கம்பெனி குயின்ஸ்லாந்துக்கு மாறுகிறது. கடற்கரை இல்லை, உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். விமானத்தில் இரண்டரை மணி, இறங்கி இன்னும் இரண்டு மணி காரில்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லைசென்ஸ் விதிகள் வருஷத்துக்கு வருஷம் இறுகுகின்றன என்றார் ஃபோர்மேன். வாடகைதான் என்றார் கணக்கர். பின்னால் புது அடுக்குமாடி வந்துவிட்டது, சோதனை அறையில் சுட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டுப் புகார்மேல் புகார் என்றார் லாரி ஓட்டுகிறவர். அங்கே நிலத்தைச் சும்மா தருகிறார்கள் என்றார்கள். சும்மா இல்லை, குத்தகைக்கு என்றார்கள். குழல் பிரிவில் இருந்த யோகன் அண்ணன் மட்டும், "முதலாளியின்ர மனுசி அந்தப் பக்கத்து ஆள். வேறென்ன காரணம் வேணும்?" என்றார்.

எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஒன்றுகூட உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். கோயம்புத்தூரில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் பம்பு முதலாளியும் வாரத்துக்கு ஒருமுறை "பக்கத்து மாநிலத்துக்கே போயிடறேன், அவன் சிவப்புக் கம்பளம் விரிக்கறான்" என்று கத்துவார். அவர் கடைசிவரை சிங்காநல்லூரைத் தாண்டவில்லை. முதலாளிகள் இப்படிச் சொல்வார்கள், போகமாட்டார்கள் என்று அந்த அனுபவத்தில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். நீல் சொன்னார், போனார்.

எங்களுக்கு இரண்டு வழி. கூடப் போகலாம், இல்லை விலகலாம். மூன்றாவதாக ஓர் இடுக்கு இருந்தது. வாடிக்கையாளர்களின் பழைய துப்பாக்கிகளை வாங்கிப் பார்த்து, கழற்றித் துடைத்து, பழுதை எழுதித் திருப்பித் தர மெல்பர்னிலேயே ஒரு சிறிய சர்வீஸ் அறை இருக்கும். அதில் ஒரே ஓர் ஆள். போல்ட் பார்க்கத் தெரிந்தவன் என்பதால் அது எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி.

கேட்டே ஆக வேண்டிய நிலையில்தான் நான் இருந்தேன். வர்ஷா பதினொன்றாம் வகுப்பு. இந்த மாநிலத்துப் பாடத்திட்டத்தில் இரண்டு வருஷத்துப் பரீட்சை ஓட்டம் தொடங்கியாகிவிட்டது. நடுவில் மாநிலம் மாறினால் எல்லாம் குழம்பும். அந்தப் பள்ளிக்கூடத்து எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவே, அதே காசுக்கு டார்னெய்ட்டில் பெரிய வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாங்கள் கிளென் வேவர்லியில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தோம். எனக்கோ ஐம்பத்திரண்டு வயது. வேறு நாலு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். ஒன்றுகூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை.

பதில் சொல்லக் கடைசிக் கெடு ஒரு திங்கட்கிழமை நண்பகல்.

பெண் பார்க்கும் படலம்

கெடுவுக்கு முந்தின வாரம், கம்பெனிச் செலவில் ஏழு குடும்பங்களை அந்த ஊரைப் பார்க்க அழைத்துப் போனார்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஏற்பாடு. ஏற்பாட்டாளர் மனிதவளப் பிரிவு மிஷெல். ஆளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற பெண். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

அந்த ஊரில் எங்களை வரவேற்ற விதத்தைப் பார்த்ததும் கோமதி என் காதில், "என்னங்க, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றாள். அப்படித்தான் இருந்தது. ஊராட்சி மண்டபத்தில் வெள்ளை மேஜை விரிப்பு. பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக ஸ்கோனும் ஜாமும். பெரிய தொப்பி வைத்த மேயரம்மா பெண்ணின் தாயார் மாதிரி தட்டுக்குத் தட்டு எட்டிப் பார்த்து, இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினார். பள்ளித் தலைமையாசிரியர், வீட்டுத் தரகர், வங்கிக்காரர் என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஊரின் குணநலன்களை எடுத்துச் சொன்னார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

அங்கேதான் எனக்கு முதல் குழப்பம் வந்தது. ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள் செய்கிற துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருநாள் மக்கர் செய்ததில்லை" என்றார். தன் மனைவியைக் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார். பதினோரு வருஷத்தில் என் வேலைக்காக ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. செய்யாத வேலைக்குப் பொன்னாடை வாங்கிய எனக்குச் செய்த வேலைக்குக் கிடைத்த கைகுலுக்கல். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று சங்கடமாகவும் இருந்தது.

கோமதிக்கு ஒரு வீட்டைக் காட்டினார்கள். பின்பக்கம் மாமரம், அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் ஒன்றுமே இல்லை. அந்த ஊர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு மலையாள நர்ஸ் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை ஒடித்து அவள் கையில் திணித்தாள். திரும்பும் விமானத்தில் கோமதி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

விமான நிலையத்தில் மிஷெல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரம்புக் கூடை கொடுத்தார். உள்ளூர்த் தேன், ஜாம், மக்கடேமியா கொட்டை. கூடையும் அன்பளிப்பில் சேர்த்தி. அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. எங்கள் ஃபோர்மேன் வீட்டில் அந்தக் கூடையில் இன்றைக்கு நாய் படுத்திருக்கிறது.

திங்கட்கிழமை

ஆகக் கூடி நான் திங்கட்கிழமை காலை, முறுக்குக் கூடையை மடியில் வைக்காத குறையாகக் காரில் கொண்டுபோய் மிஷெலின் மேஜையில் வைத்தேன். அப்போதே சர்வீஸ் அறை வேலையைக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

மிஷெல் அட்டையைப் பிரித்துப் படித்தார். "எங்கள் குடும்பத்தை அன்போடு வரவேற்றதற்கு நன்றி. எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி" என்று கோமதி தன் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருந்தாள். மிஷெலின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ராஜ், எனக்கு வந்த பதில்களிலேயே இதுதான் அழகான பதில்" என்றார்.

கையில் பலகாரத்தைக் கொடுத்துக்கொண்டே "நான் வரவில்லை" என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நான் சிரித்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். பதினொரு மணிக்கு வெறுங்கையோடு வந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என் இடத்துக்குப் போனேன்.

பத்தரைக்கு ஒரு மெஷின் நின்றுவிட்டது. அதில் வந்த போல்ட்டுகளையெல்லாம் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். தலை நிமிர்ந்தபோது மணி ஒன்று. தேநீர் அறைப் பலகையில் பட்டியல் தொங்கியது. குயின்ஸ்லாந்து போகிறவர்களில் முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில் மிஷெல் பேனாவால் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

வீட்டில் அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீ பர்பி வைக்காம இருந்திருக்கலாம்."

"பர்பியா உங்க வாயை அடைச்சுது?"

வர்ஷா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயம் நாட் கோயிங். ஜஸ்ட் சோ யூ நோ" என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கோமதியிடம் கேட்டேன். "உனக்கு அந்த ஊர் பிடிச்சிருந்துச்சா?"

"தெரியலீங்க. அந்த அட்டைய எழுதறப்ப பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இப்பக் கேட்டா இல்லைங்கற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "பிள்ளைக்குப் படிப்பு இருக்குது. நாளைக்கே போயி, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்லிருங்க. அந்த ஒரு வேலை இன்னும் இருக்குமில்ல?" என்றாள்.

இருக்காது என்று எனக்கு அப்போது தெரியாது. அன்று மாலையே அதை யோகன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

யோகன் அண்ணன்

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையில் போர் நடந்த வன்னிப் பக்கம். முதலில் சிட்னியில் டூங்கபியில் மைத்துனர் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு மெல்பர்ன் வந்தவர். இரும்புத் தண்டில் நீளமாகத் துளை போட்டுக் குழலாக்குகிற மெஷினில் வேலை. எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவர். கேலியும் கிண்டலுமாகப் பேசுவார். தன்னைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

எங்கள் தொழிற்சாலைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இந்தப் பக்கம் பாகங்கள், அந்தப் பக்கம் கம்பி வலைக்குள் முழுத் துப்பாக்கியாகச் சேர்க்கிற இடம். எங்களுக்கு இரண்டு பக்கமும் போக அனுமதி இருந்தது. தேநீர் அறைக்கு அந்தப் பக்கம் வழியாகப் போனால் கிட்டம். யோகன் அண்ணன் பதினோரு வருஷமும் வெளியே கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் தேநீருக்கு வருவார். மழையில் தலையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. பாதி தெரிந்த விஷயத்தை யாரும் கேட்பதில்லை.

அவர் மனைவி மல்லிகா அக்காவுக்குப் போன வருஷம் மூளையில் ரத்தம் கட்டிப் பேச்சு போய்விட்டது. இருபது வருஷம் வங்கியில் பேசிய ஆங்கிலம் சுத்தமாக அழிந்துவிட்டது. தமிழில் சில சொற்கள்தான் மிச்சம். டாண்டினாங் பக்கம் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருத்தி இருக்கிறாள். வாரம் இருமுறை அவளிடம் போய் "தண்ணி", நாற்காலிக்குக் "கதிரை", "வா", "இரு" என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தார். மேயரம்மாவின் ஊரில் ஸ்கோன் கிடைக்கும், தமிழில் பேசக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்குமா? அண்ணனும் அக்காவும் ஊர் பார்க்கவே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மிஷெலைத் தேடிப் போனேன். ஆள் விடுப்பு. புதன்கிழமை கூட்டம். இந்த இரண்டு நாளில் சர்வீஸ் அறை அண்ணனுக்குப் போன செய்தி என் காதுக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை மறுபடி கிளம்பினேன். அந்தப் பக்கம் வழியாகப் போனால் மிஷெலின் அறை. கம்பி வலைக்குள் யோகன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முன்னால் மேஜையில் ஒரு முழு ரைஃபிள். பயிற்சி கொடுக்கிற இளைஞன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாகப் போல்ட்டோடு குடும்பம் நடத்துகிற எனக்கே இரண்டு நிமிஷம் பிடிக்கும். யோகன் அண்ணன் அவன் சொல்லி முடிப்பதற்குள் கழற்றி வரிசையாக வைத்துவிட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வாவ், யூ ஆர் எ நேச்சுரல்" என்றான் அந்த இளைஞன். அண்ணன் கையுறையைக் கழற்றிக் கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் மிஷெலின் அறைக்குப் போகவில்லை.

கார் நிறுத்துமிடம்

மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. அவருடைய காருக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். குளிர்காற்று சுளீரென்று அடித்தது. என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"என்ன தம்பி, குயின்ஸ்லாந்துக்காரர் இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று வழக்கமான சிரிப்போடுதான் வந்தார்.

நான் கூடை, முறுக்கு, அட்டை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, வெறுங்கூடை குடுக்கேலாது தானே. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, மிஷெல்கிட்டச் சொல்லி மாத்திடலாம். அந்த வேலைக்கு நான் இருந்துக்கறேன். நீங்க எதுக்கு இதைப் போய்த் தொடணும்? காலைல பார்த்தேன்ணே."

"ஓம். பார்த்தனீங்கள்."

"உங்களுக்கு அது வேண்டாம்."

"வேண்டாம்தான்," என்றார். "அப்ப நான் எங்க போறது?"

நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்த மனிதரின் வேலையைப் பிடுங்குவதற்கு அவரிடமே அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு, என் பெண்ணுக்கு வேறு வழி என்ன என்ற கோபமும் இருந்தது. யார்மேல் கோபம்? நீல்மேலா, மிஷெல்மேலா, கோமதிமேலா? ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

"மல்லிகா நேற்று என்ர பேர் சொன்னவ, தம்பி," என்றார். "முழுசா இல்லை. முதல் பாதி. ஒம்பது மாசத்துக்குப் பிறகு. பேச்சுப் பழக்கிற பிள்ளை, தன்னட்ட இன்னும் ஒரு வருசம் வந்தா மிச்சப் பாதியும் வரும் எண்டு சொல்லுது."

நான் தலையாட்டினேன்.

"இண்டைக்கு அதைத் தூக்கினன். பாரம் அப்பிடியே இருக்கு. எத்தினை வருசம்! கை மறந்திருக்கும் எண்டு நினைச்சன். மறக்கேல்லை."

லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் மெஷினை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அது போகிறவரை இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

"அண்ணே, நான் செஞ்சது நல்லதா கெட்டதா? நீங்களே சொல்லிருங்க."

அவர் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"எனக்கு இந்த வேலையைத் தந்ததும் நீங்கள். இந்தச் சாமானைத் திரும்ப என்ர கையில தந்ததும் நீங்கள். எதுக்கு நன்றி சொல்லுறது, எதுக்கு ஏசுறது எண்டு எனக்கும் தெரியேல்லை. நீங்கள் ஒண்டும் மாத்த வேண்டாம். போயிட்டு வாங்கோ."

கார் போய்விட்டது. நான் உள்ளே போய், மிஷெல் நீட்டிய இடமாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டேன். வர்ஷாவின் பரீட்சை முடிகிறவரை கோமதியும் அவளும் கிளென் வேவர்லியிலேயே இருப்பது, நான் மட்டும் போவது என்று அன்று மாலை வீட்டில் முடிவானது. யோகன் அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தீர்களாக்கும் என்று கோமதி என் தோளைத் தொட்டுச் சொன்னாள். சங்கத்திலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

உண்மை அது இல்லை. அந்த மனிதரைத் தினமும் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.